அடுத்த ஊரடங்குக்கு முன் ஒரு பட்டியல் எடுங்கள்

திருகோணமலை மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும் பிரதேச செயலாளர்களுக்கும்,

வணக்கம். ஊரை விட்டு வெளியே வேலைக்குப் போனவர்களின் பட்டியல் ஒன்றை, அடுத்த ஊரடங்கில் அவர்களுக்கு நிவாரணம் கிடைப்பதற்காக, இப்போதே எடுத்து வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கொரோனா முடிந்துபோன கதை, இப்போது எதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். நோய் வந்த பிறகு இதைப் பேச யாருக்கும் நேரம் இருக்காது.

2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு போட்டபோது மூதூர், கிண்ணியா, ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பிலும் கம்பஹாவிலும் நின்றார்கள். கட்டட வேலைக்குப் போனவர்கள், சாப்பாட்டுக் கடைகளில் நின்றவர்கள், கட்டுநாயக்கவில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய் போர்டிங்கில் இருந்த பெண்கள். மற்ற இடங்களில் ஊரடங்கைத் தளர்த்திய பிறகும் அந்த இரண்டு மாவட்டங்களும் மே 26 வரை மூடியே கிடந்தன. வேலை இல்லை, ஊருக்கு வர பஸ் இல்லை, நாட்கூலிக்காரன் கையில் ஒரு கிழமைக்கு மேல் காசும் நிற்காது.

அரசாங்கம் 5,000 ரூபாய் கொடுத்தது, உண்மைதான். ஆனால் அது கிராம சேவகரின் பட்டியல்படி கொடுத்த காசு. வேலை செய்யும் இடத்தில் கேட்டால் உங்கள் பதிவு இங்கே இல்லை, ஊரில் எடுங்கள் என்பார்கள், ஊரில் கேட்டால் ஆள்தான் இங்கே இல்லையே என்பார்கள், இல்லாவிட்டால் குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று என்பார்கள். மாதாமாதம் வீட்டுக்குக் காசு அனுப்பிய பிள்ளைக்கு, அம்மா தோட்டை அடகு வைத்துக் காசு அனுப்ப வேண்டிவந்தது. வேலைக்குக் கூப்பிடாதவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், எது கூடவோ அதைக் கொடுப்பது என்று மே மாதம் ஒரு உடன்பாடு வந்தது. சரி, சம்பளச் சிட்டையும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இலக்கமும் உள்ளவர்களுக்கு அது உதவும். கொந்தராத்துக்காரரிடம் அன்றன்று கூலி வாங்குகிறவர் அதை யாரிடம் போய்க் கேட்பது?

ஒக்டோபரில் மினுவாங்கொடவில் ஒரு கார்மென்ட்ஸில் தொடங்கிய கொரோனாக் கொத்தணி வந்தது, கார்மென்ட்ஸில் வேலை செய்த பிள்ளைகளைக் கண்டாலே சனம் ஒதுங்கியது. அதையும் அவர்கள்தான் தாங்கினார்கள்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள விஷயம் இல்லை. வாக்காளர் இடாப்புக்கு வருடாவருடம் விபரம் எடுக்கும்போதே, வீட்டில் யார் வெளியே வேலைக்குப் போயிருக்கிறார், எந்த மாவட்டம் அல்லது எந்த நாடு, என்ன வேலை, தொலைபேசி இலக்கம் என்ன என்று கிராம சேவகர் பிரிவில் எழுதி வையுங்கள். ஏஜென்சியை நம்பி விசிட் விசாவில் வளைகுடாவுக்குப் போன பெண்களின் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனதால் காப்புறுதியும் இல்லாதவர்கள் அவர்கள். அப்புறம் கொழும்பு, கம்பஹா கச்சேரிகளோடு (மாவட்டச் செயலகங்களோடு) இப்போதே பேசி, ஆள் எங்கே நிற்கிறாரோ அங்கேயே அடையாள அட்டையைக் காட்டி நிவாரணம் எடுக்கலாம் என்று ஒரு ஒழுங்கு செய்யுங்கள். யாரும் இரண்டு தரம் எடுக்காமல் பார்ப்பதற்கும் அதே பட்டியல் போதும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் என்றாலே சனத்துக்குப் பயம், யுத்த காலத்தில் பட்டியல்கள் எதற்கெல்லாம் உதவின என்று உங்களுக்குத் தெரியாததல்ல. எனவே இது நிவாரணத்துக்கு மட்டும்தான், பொலிசுக்கோ இராணுவத்துக்கோ போகாது என்று எழுத்தில் கொடுங்கள். அது இல்லாவிட்டால் பாதி வீடுகள் பெயர் தரமாட்டா.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, மூதூர், கிண்ணியாப் பிரிவுகளில் முதலில் தொடங்குங்கள். வீடு வீடாகப் போக ஆள் தேவையென்றால் இங்கே இளைஞர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள்.

இப்படிக்கு,
மூதூரிலிருந்து ஒருவர்