வேட்புமனுப் படிவம் எப்போது கிடைக்கும்? நம் ஆசிரியர் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், பொதுச்செயலாளர், தேர்தல் அலுவலர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் சங்க அலுவலகத்தில் நடந்தது இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும் என்பதால் முழுக் கதையையும் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பொதுச்செயலாளர் பொறுப்புக்குப் போட்டியிட விரும்பி வேட்புமனுப் படிவம் கேட்டு வந்தவள் நான். படிவம் இல்லாமல் திரும்பியவளும் நான்தான். என் கோரிக்கை ஒன்றே ஒன்று: வேட்புமனுவுக்கான அவகாசத்தை நீட்டித்து, பள்ளி நேரம் முடிந்த பிறகும் படிவத்தைப் பெறவும் ஒப்படைக்கவும் வழி செய்யுங்கள்.

அந்தத் தேர்தல் அறிவிப்பைத் தயாரித்தவர்களும் ஆசிரியர்கள்தாம் என்பதை நம்பச் சிரமமாக இருக்கிறது. வேட்புமனுவுக்கு இரண்டே நாட்கள், இரண்டும் பள்ளி வேலை நாட்கள், காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, அதுவும் வேட்பாளரே நேரில் வர வேண்டும். அந்த நேரத்தில் வகுப்பறையில் இல்லாத ஆசிரியர் யார் என்று எண்ணிப் பார்த்தால், சங்கப் பணிக்காக வகுப்பிலிருந்து விடுவிக்கப்பட்ட பொறுப்பாளர்கள் மட்டுமே நினைவுக்கு வருகிறார்கள்.

இருந்தாலும் முதல் நாள் அரைநாள் விடுப்பு எடுத்தேன். என் வகுப்பை அடுத்த அறை ஆசிரியை தம் வகுப்போடு சேர்த்துக்கொண்டார். இரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில், மூவர் உட்காரும் பெஞ்சில் ஐவராக நெருக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். 1.40க்கு அலுவலகத்தை அடைந்தபோது கதவு திறந்திருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, பொறுப்பாளர் ஒருவரும் இல்லை. படிவம் பீரோவில் இருக்கிறது, சாவி ஐயாவிடம் இருக்கிறது, ஐயா சாப்பிடப் போயிருக்கிறார் என்று அலுவலக உதவியாளர் சொன்னார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. இருந்த ஒரு நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். சென்ற மாநாட்டில் நான் எண்ணி அடுக்கிய நாற்காலிகளில் அதுவும் ஒன்று. பையிலிருந்த விடைத்தாள்களை எடுத்து மடியில் வைத்துத் திருத்தத் தொடங்கினேன். 22 தாள்கள் முடிந்தபோது மணி 3ஐத் தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. சாவியோடு வந்த பொறுப்பாளர், "நேரம் முடிஞ்சிடுச்சே டீச்சர், நாளைக்கு வாங்க" என்று மிகவும் மரியாதையாகவே சொன்னார். மறுநாள் எனக்குத் தேர்வறைக் கண்காணிப்பு. அதை விட்டுவிட்டு வர எந்தத் தலைமையாசிரியரும் அனுமதிக்க மாட்டார், அனுமதிக்கவும் கூடாது.

ஒவ்வோர் அக்டோபர் 5ஆம் தேதியும் உலக ஆசிரியர் நாள் கூட்டத்தில் நாம் பேசுவதைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஆசிரியர்களின் தகுநிலை குறித்து 1966இல் பாரிஸில் ஏற்கப்பட்ட பரிந்துரையை மேடையில் எடுத்துக்காட்டி, கல்வியின் வளர்ச்சிக்கு ஆசிரியர் அமைப்புகள் பெரிதும் பங்களிக்கக்கூடிய சக்தி என்று அது சொல்வதைக் கைதட்டலுக்கிடையே படிக்கிறோம். நிர்வாகத்தோடு மோதும்போதெல்லாம் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1948ஆம் ஆண்டின் 87ஆம் உடன்படிக்கையைத் துணைக்கு அழைக்கிறோம். தொழிலாளர் அமைப்புகள் தங்கள் பிரதிநிதிகளை முழுச் சுதந்திரத்தோடு தேர்ந்தெடுக்கும் உரிமை உடையவை என்கிறது அதன் 3ஆம் பிரிவு. அது அரசின் தலையீட்டைத் தடுக்க எழுதப்பட்டது என்பதை நான் அறிவேன். ஆனால் வெளியார் கை வைக்கக் கூடாது என்று நாம் காத்து நிற்கும் அந்தச் சுதந்திரம் நம் அலுவலகப் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால், நிர்வாகத்திடம் எந்த முகத்தோடு அதைக் கேட்பது?

கடந்த மூன்று தேர்தல்களிலும் பொறுப்பாளர்கள் "ஒருமனதாக"த் தேர்ந்தெடுக்கப்பட்டதாகச் சுற்றறிக்கை வந்தது. அந்த ஒருமனம் எப்படி உருவாகிறது என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. சாவி ஒருவரிடம் இருந்தால் மனமும் ஒன்றாகத்தானே இருக்கும். உலக அளவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்கள். நம் சங்கத்தில் பெண்களுக்கு மகளிர் அணி இருக்கிறது, வரவேற்புக் குழு இருக்கிறது, ஊர்வலத்தில் முதல் வரிசைகூட இருக்கிறது. செயற்குழு மேசையைச் சுற்றி மட்டும் இடம் இருப்பதில்லை. "உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த அலைச்சல்?" என்று அக்கறையோடு கேட்ட மூத்த தோழர்களுக்கு என் பதில்: 19 ஆண்டுகளாக என் சம்பளத்தில் சந்தா பிடிக்கும்போது யாரும் இந்த அக்கறையைக் காட்டியதில்லை.

கோபத்தில் சொல் சற்றுக் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எவரையும் குற்றவாளியாக்குவது என் நோக்கமன்று. விதிப்படி வேட்புமனுவுக்கான கடைசி நாளை நீட்டிக்கும் அதிகாரம் தேர்தல் அலுவலருக்கு உண்டு. அதைப் பயன்படுத்துமாறுதான் பணிவோடு கேட்கிறேன். ஒரு வாரம் நீட்டியுங்கள். மாலை 4.30 முதல் 7 மணி வரையிலும், ஒரு விடுமுறை நாளிலும் அலுவலகத்தில் படிவம் கிடைக்கட்டும். வாக்காளர் பட்டியலையும் அதே நேரத்தில் உறுப்பினர்கள் பார்க்கும்படி வையுங்கள். இது எனக்கு மட்டும் கேட்கும் சலுகை அன்று. வகுப்பை விட்டு வர முடியாத எந்த உறுப்பினரும் போட்டியிடலாம் என்றாகிவிடும். தேர்தலில் நான் தோற்றால், வென்றவருக்கு வாழ்த்துச் சொல்லி, அடுத்த மாநாட்டுக்கும் நானே வந்து நாற்காலி அடுக்குவேன்.

முன்மொழிபவரும் வழிமொழிபவரும் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்கள். படிவத்தை நிரப்ப எனக்குப் பத்து நிமிடம் போதும். எந்த நாள் மாலை வர வேண்டும் என்று எழுத்து மூலம் தெரிவித்தால் கடைசி மணி அடித்ததும் கிளம்பி வந்துவிடுவேன். அன்று சாவி அலுவலகத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
19 ஆண்டுகளாகச் சங்கத்தின் உறுப்பினராக இருக்கும் ஓர் ஆசிரியை