கணக்குப்பிள்ளை வளையலை அடகு வைத்த கதை

தஞ்சாவூர்
13-7-2025

அன்புள்ள வசந்தி,

நாங்கள் நலம். நீயும் உன் முட்டியும் எப்படி? ‘அப்புறம் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லிப் போனை வைத்தவள்தான், ஒன்பது மாதம் ஓடிவிட்டது. திட்டுவதென்றால் திட்டிவிடு. வேலை அதிகம் என்று உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? வெட்கம்தான் காரணம். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்து முடிப்பதற்குள் நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என் கல்யாண வளையலை அடகு வைத்தேன்.

பதறாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. சின்னவளுக்குக் கல்லூரியில் இரண்டாம் வருடக் கட்டணம் 96,000 ரூபாய். கட்டக் கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்பு இரண்டு பேர் கணக்கையும் பார்த்தால், என்னுடையதில் பதினோராயிரம், அவருடையதில் ஆறாயிரம். வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, படிவத்தில் எழுத வேண்டுமே என்று, “எதுக்கும்மா கடன்?” என்றார். “பொண்ணு படிப்புக்கு” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அந்தக் கட்டணம் ஜூனில் வரும் என்று போன ஜூனிலேயே தெரியும் வசந்தி! வெள்ளம் மாதிரியா திடீரென்று வந்தது?

நான் யார்? நம் விடுதியில் மூன்றாம் நம்பர் அறையின் கணக்குப்பிள்ளை. ஐந்தாம் தேதி மணியார்டர் வந்து, பத்தாம் தேதி கைமாற்றுக்கு வந்து நிற்கும் உனக்கு உபதேசம் செய்தவள். பூனை வார்டனே மெஸ் கணக்கை என்னிடம்தானே கொடுத்துச் சரிபார்ப்பார்! வீட்டுக்கு வந்ததும் அன்று ராத்திரி அவர் கேட்டார்: “இரண்டு பேர் சம்பாதிக்கிறோம், குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. எங்கே போச்சு?” எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் திருடியிருப்பார் என்று எனக்கும், நான் ஏதோ செய்துவிட்டேன் என்று அவருக்கும் ஒரு நினைப்பு. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மா மாதிரியே நானும் வரவு செலவு நோட்டு எழுதினவள்தான். 2020 ஊரடங்கில் விட்டது, அப்புறம் எடுக்கவில்லை. எல்லாம்தான் போனிலேயே இருக்கிறதே என்று நினைத்தேன். இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பார்க்க வேண்டுமே! பர்ஸில் நூறு ரூபாய்த் தாள்கள் குறையும்போது கைக்குத் தெரியும். போனில் ‘டிங்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சரி, மூன்றாம் நாள் சின்னவள்தான் வழி சொன்னாள். மூன்று பேர் போனிலிருந்தும் வங்கி விவரத்தை இறக்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மூன்று மாதச் செலவையும் நோட்டில் ஏற்றினோம். வந்ததைக் கேள். மே மாதத்தில் மட்டும் இருநூறு ரூபாய்க்கு உட்பட்ட செலவு 137 தடவை. மொத்தம் 13,460 ரூபாய். வீட்டுக் கடன் தவணைக்கு அடுத்தபடி பெரிய செலவு அதுதான், மளிகையைவிட அதிகம். பெரும்பாலும் பப்ஸ், ஜூஸ், சாயங்கால பஜ்ஜி, கொண்டுவந்து கொடுக்கும் பிரியாணி. நான் தலையில் அடித்துக்கொண்டபோது சின்னவள், “நாம மட்டும் இல்லம்மா” என்று போனில் எதையோ காட்டினாள். மத்திய அரசு 2023-24இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பாம். நகரத்தில் நூறு ரூபாய் செலவென்றால் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய 40 ரூபாய், அதிலும் 11 ரூபாய் குடிக்கிற பானத்துக்கும் தயாராக வாங்கித் தின்கிற பண்டத்துக்கும்தான். பால், காய்கறி எல்லாம் அதற்குப் பின்னால் நிற்கின்றன. ஊரோடு ஒத்து வாழ்ந்திருக்கிறோம் போ.

ஆனால் தின்று தீர்த்த காசு எங்களைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தவை இரண்டு.

முதலாவது கிரெடிட் கார்டு. பிரிட்ஜ் மாற்றியது, பெரியவன் வேலைக்குப் போகும்போது லேப்டாப் என்று 62,000 ரூபாய் நின்றது. மாதாமாதம் ‘குறைந்தபட்சத் தொகை’யைக் கட்டினால் போதும் என்று இவர் 3,100 ரூபாய் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார். ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, 2,170. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 390. கழித்துப் பார். கட்டின 3,100இல் கடன் குறைந்தது 540 ரூபாய்! வருடத்துக்கு 42 சதவீதம். தண்டல்காரரைக் கண்டால் கதவைச் சாத்துகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். தண்டலை பர்ஸுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். இதில் இன்னொன்று: பாக்கி நிற்கும்போது அதே கார்டில் புதிதாக எது வாங்கினாலும் அன்றிலிருந்தே அதற்கும் வட்டி ஓடுமாம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது.

இரண்டாவதுதான் முக்கியம், அதை நிதானமாகப் படி. நாங்கள் மாதக் கணக்கு என்றால் பால், மளிகை, கேஸ், தவணை என்றுதான் நினைத்தோம். வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை வருகிறதெல்லாம் ‘எதிர்பாராத செலவு’. எதிர்பாராததாம்! கல்லூரிக் கட்டணம் 96,000, வண்டி, மருத்துவ இன்ஷூரன்ஸ் 14,000, அரையாண்டுக்கு ஒரு முறை கட்டும் வீட்டு வரி இரண்டும் சேர்த்து 4,800, தீபாவளி 25,000, மொய் 30,000. கூட்டினால் 1,69,800. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 14,150. எங்கள் வருமானம் 78,000. அதில் மாதம் பதினாலாயிரம் எங்களுடையதே இல்லை, ஜூனுக்கும் ஐப்பசிக்கும் ஆவணிக்கும் சொந்தம். அதையும் சேர்த்துத் தின்றுகொண்டு, சம்பளம் பத்தவில்லை, விலைவாசி ஏறிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தோம். விலைவாசி ஏறத்தான் ஏறியது. அதற்காக எல்லாப் பழியையும் அதன்மேல் போட முடியாது.

இப்போது சம்பளம் வந்த அன்றே 14,150 தனிக் கணக்குக்குப் போய்விடுகிறது. அதிலேயே மொய்க்கு ஒதுக்கினதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. ஆடி பிறக்க நான்கு நாள், அது போனால் ஆவணி, பத்திரிகை வரிசையாக வரும். நமக்கு எழுதினவர்களுக்கு நாம் குறைத்து எழுத முடியுமா? மொய் நோட்டை எடுத்துப் பார்த்து யார் யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே குறித்துவிட்டேன்.

கரண்ட் பில் ஒரு தனிக் கூத்து. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கீழே இருக்கிற யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடுகிறது. எங்களுக்கு 536 வந்திருந்தது. அன்றிலிருந்து இவர் தினமும் காலையில் டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்துச் சுவரில் எழுதுகிறார். பேப்பர் படிப்பதுகூட அதற்கப்புறம்தான். ஏசியைப் போட்டால் என்னை ஒரு பார்வை பார்க்கிறார்.

இனி உன்னிடம் மட்டும் சொல்வது. மூன்று மாதமும் அவர் கணக்கிலிருந்து ஒரே நம்பருக்கு 4,000, 4,000 என்று போயிருந்தது. சின்னவள் வாசித்தாள். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். யாருக்கு என்று கேட்டேன். மன்னார்குடி அக்காவுக்கு. அத்தான் போன பிறகு இரண்டு வருடமாக அனுப்புகிறார். “ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்றால், “நீ ஏதாவது சொல்வாய் என்று” என்கிறார். சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் வசந்தி. அதுதான் உறுத்துகிறது. அந்த அக்கா என் சீமந்தத்தில் பேசின பேச்சு உனக்குத் தெரியும். நானும் யோக்கியம் இல்லை. எனக்கு ஒரு நகைச்சீட்டு ஓடுகிறது, மாதம் 2,000, அவருக்குச் சொல்லாமல். அதுவும் அன்றைக்கே வெளியே வந்தது. அவள் வாசிக்க வாசிக்க நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்குத் தெரியாமல் சேர்க்கிற காசை நாம் சிறுவாடு என்று எவ்வளவு செல்லமாகச் சொல்கிறோம்! 2016இல் ஐந்நூறு, ஆயிரம் செல்லாது என்ற ராத்திரி என் மாமியார் அரிசிப் பானைக்குள்ளிருந்து இருபத்து மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துவந்து வைத்ததும், மாமனார் மூன்று நாள் மோர் மட்டும் குடித்துக்கொண்டு முகம் கொடுக்காமல் இருந்ததும் உனக்கு எழுதினேனே. அப்போது மாமியார் சொன்னது: “இருக்குன்னு தெரிஞ்சா இருக்காதே!” அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. அதனால் சிறுவாட்டை நாங்கள் ஒழிக்கவில்லை. அவருக்கு 1,500, எனக்கு 1,500, கேள்வி கேட்கக் கூடாத பணம் என்று நோட்டிலேயே ஒரு வரி. மற்றதெல்லாம் வெளிச்சத்தில். ‘மன்னார்குடி அக்கா – 4,000’ என்பதை நான்தான் என் கையால் எழுதினேன். எழுதும்போது பேனா நன்றாகத்தான் எழுதியது, மனசுதான் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

ஒன்று கவனித்தேன். முன்பெல்லாம் காசைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘உங்க வீடு’, ‘எங்க வீடு’ என்றுதான் போய் முடியும். இப்போது சண்டை வராமல் இல்லை. ஆனால் பிரியாணிக்கா, மின்சாரத்துக்கா என்று அந்த வரியில் விரலை வைத்துச் சண்டை போடுகிறோம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

அம்மாவின் பழைய நோட்டு ஒன்றைப் பரணிலிருந்து எடுத்தேன். பிள்ளையார் சுழி, வலது பக்கம் செலவு. கணக்கு இடித்தால் அம்மா வளைத்து நெளித்துச் சரிக்கட்ட மாட்டாள். ‘தெரியவில்லை – 3.40’ என்று எழுதி மூடிவிடுவாள். எங்கள் மூன்று மாதத்தில் ‘தெரியவில்லை’ 7,200. இந்த வாரம் 85.

வளையல் வர மார்ச் ஆகும். வருடத்துக்குள் வட்டியோடு கட்டி மீட்க வேண்டும். முதலில் கார்டை அடைக்கிறோம், அதன் வட்டிக்கு முன்னால் நகைக்கடன் வட்டி பரவாயில்லை. வெறும் கையோடு இருக்கக் கூடாது என்று கண்ணாடி வளையல் போட்டிருக்கிறேன், சத்தம் நன்றாக இருக்கிறது.

நீ எப்படிச் சமாளிக்கிறாய், நிஜமாகவே சொல். உன் ஏலச்சீட்டை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். எட்டு வருடம் தவறாமல் கட்டி, ஏலத்தில் விட்டுக்கொடுக்க வேண்டிய தள்ளு அதிகம் போகும் மாதத்தில் எடுக்காமல் காத்திருந்து, பையனைப் படிக்க வைத்தவள் நீ. ஒன்றே ஒன்று, அது பதிவு செய்த சீட்டுத்தானே? எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டு பிடித்தவர் போன ஐப்பசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார், இன்னும் பூட்டுத்தான் தொங்குகிறது. பத்திரம் பார்த்துக்கொள்.

உன் பையன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வருகிறோம். பேருந்து டிக்கெட் உட்பட எல்லாம் நோட்டில் ஏறிவிட்டது. உனக்கு எழுத வேண்டிய மொய்த் தொகையும்தான், வந்தால் நோட்டை எட்டிப் பார்க்காதே. அதிலிருந்து நீ எனக்குத் தர வேண்டிய அந்த நாற்பது ரூபாயைக் கழித்துக்கொள்ளலாமா என்று இவர் கேட்கிறார். முப்பது வருட வட்டியை நானே கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

உன்,
ராஜி