எங்கள் கோயில் குழாயில் எந்தப் பாட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர், கோயில் ஒலிபெருக்கிகளில் சினிமாப் பாட்டு போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருடைய கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். பிறந்து வளர்ந்தது பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நாங்களும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு மாறி வருஷக்கணக்காகிறது. மாரியம்மன் மட்டும் அங்கேயே இருக்கிறாள். வருஷம் ஒரு முறை திருவிழாவுக்குத் திரும்பிப் போகிறோம். இந்த வருஷம் கோயில் கூட்டத்தில், இனிமேல் ஒலிபெருக்கிக் குழாயில் சினிமாப் பாட்டே கிடையாது, பக்திப் பாட்டு மட்டும்தான் என்று முடிவு செய்தார்கள். சரிதானே என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

தூக்கியதற்குக் காரணம் இருந்தது. ஒரு தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக்குக் காவடியோடு நடந்தோம். அக்காள் மகன் அலகு குத்தியிருந்தான். பின்னால் வந்த உறுமி மேளப் பையன்கள் திடீரென்று ஒரு மெட்டை எடுத்தார்கள். வார்த்தையெல்லாம் முருகன்தான். ஆனால் மெட்டைக் கேட்டதும் என் கண்முன் வந்து நின்றது, படத்தில் அதற்கு ஆடிய நடிகையின் இடுப்பு. பக்கத்தில் பால்குடம் தூக்கி வந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

அப்புறம் திருவிழா வந்தது. முதல் நாள் சாயங்காலம், பழக்க தோஷத்தில், ஒலிபெருக்கிக்காரர் கர்ணன் படத்தின் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ பாட்டைப் போட்டுவிட்டார். சீர்காழி கோவிந்தராஜன் குரல் எடுத்த எடுப்பிலேயே நிர்வாகத்துத் தம்பி ஒருவர் ஓடிப்போய் நிறுத்தினார். பதிலுக்கு வந்தது ‘பக்திப் பாட்டு’. டிஸ்கோ தாளத்தில், அம்மன் பெயரை மூச்சு விடாமல் சொல்லும் ஒரு பாட்டு. பிள்ளைகள் பந்தலில் குதித்து ஆடினார்கள். அதைத் தப்பென்று சொல்லவில்லை, பிள்ளைகள் ஆடத்தான் செய்வார்கள். ஆனால் நிறுத்திய பாட்டு எது, போட்ட பாட்டு எது என்று யோசித்துப் பாருங்கள். அம்பு தைத்து உயிர் போகாமல் கிடக்கிற கர்ணனிடம் கண்ணன் பாடுகிற பாட்டு அது. வஞ்சகன் நான்தான் என்று கடவுளே தன் வாயால் ஒப்புக்கொள்கிறார். 1964இல் வந்த படம். இன்றைக்கும் அந்த இடம் வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். பூசை நேரத்தில்கூட எனக்கு அப்படி வருவது அபூர்வம். சாமி கோபித்துக்கொள்ளாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேவாரம் என்று ஒன்று இருப்பது தெரியும், பாடத் தெரியாது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குப் பால் வெட்டப் போவார். மரத்துக்கு மரம் நடக்கும்போது வாயில் ஏதாவது ஒரு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பட்டையில் கத்தி இறங்கும் நேரத்தில் மட்டும் நிற்கும், பால் கோடு பிடித்து மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) சொட்ட ஆரம்பித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பள்ளி விடுமுறையில் கூடப் போகும்போது அந்த இருட்டில் அம்மா எங்கே நிற்கிறார் என்று பாட்டை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

1971இல் அப்பா இறந்தார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அம்மா வாயில் ஒரே பாட்டு: ‘வீடு வரை உறவு’. 1962இல் வந்த பாத காணிக்கை படத்துக்குக் கண்ணதாசன் எழுதியது. நான் அதை ஏதோ சோகப் பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் இது பட்டினத்தார் சொன்னதடா என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார்:

அத்தமும் வாழ்வும் அகத்துமட்டே, விழி அம்பொழுக
மெத்திய மாதரும் வீதிமட்டே; விம்மிவிம்மி இரு
கைத்தலம் மேல்வைத்து அழும் மைந்தரும் சுடுகாடுமட்டே;
பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே.

அன்றைக்குப் பள்ளி விட்டு வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். “அப்படியா, சாமியார் பாட்டா?” என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார். அவருக்கு அது பெரிய செய்தியாகவே படவில்லை.

இத்தனை வருஷம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பட்டினத்தாரிடம் விடை இருக்கிறது: கூட வருவது புண்ணியமும் பாவமும். கண்ணதாசன் அந்த விடையை எடுத்துவிட்டுக் ‘கடைசி வரை யாரோ’ என்று கேள்வியாகவே விட்டுவிட்டார். தமிழ் படித்தவர்கள் இதைக் குறை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று பிள்ளைகளோடு தனியாக நின்ற ஒரு பால்மரத் தொழிலாளிக்கு அந்த நேரத்தில் விடை தேவைப்படவில்லை. தன்னோடு சேர்ந்து கேள்வி கேட்க ஒரு குரல் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தது கொட்டகையில் ஓடிய ஒரு சினிமா.

ஆன்மிகமும் தெருப்பாட்டும் ஒட்டாது என்கிறவர்கள் திருவாசகத்தை ஒரு முறை புரட்டினால் போதும். அம்மானை, ஊசல், உந்தி, பூவல்லி, சாழல் என்று மாணிக்கவாசகர் எடுத்துக்கொண்டதெல்லாம் பெண்கள் விளையாடும்போது பாடிய பாட்டுகளின் வடிவம். திருச்சாழலில் ஒருத்தி சிவனையே கிண்டல் பண்ணுகிறாள்: ‘பூசுவதும் வெண்ணீறு பூண்பதுவும் பொங்கரவம்’ என்று தொடங்கிக் ‘காணேடீ’ என்று முடிக்கிறாள். ‘ஏடீ’ என்பது எங்கள் லயத்துக் குழாயடியில் கேட்ட சொல். அவர் காலத்திலும் யாராவது, இதென்ன தெருப்பிள்ளைகள் மெட்டில் சாமியைப் பாடுவது என்று முகம் சுளித்திருப்பார்களோ என்னவோ.

அதற்காக எல்லாப் பாட்டும் சாமி பாட்டு என்று சொல்ல வரவில்லை. சில நண்பர்கள் எந்தக் காதல் பாட்டைக் கேட்டாலும் ஜீவாத்மா, பரமாத்மா என்று பொருள் சொல்லக் கிளம்பிவிடுகிறார்கள். எழுதியவரே கேட்டால் சிரிப்பார். எனக்கு ஒரே ஒரு கணக்குதான்: பாட்டு முடிந்த பிறகு நான் கொஞ்சம் அடங்கியிருக்கிறேனா, பக்கத்தில் இருப்பவன் மேல் இருந்த எரிச்சல் குறைந்திருக்கிறதா? சுமைதாங்கி படத்தில் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிய ‘மயக்கமா கலக்கமா’ கேட்டால் குறைகிறது. வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே புறப்பட இருந்த தன்னை அந்தப் பாட்டுத்தான் நிறுத்தியது என்று கவிஞர் வாலியே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

பழைய பாட்டு மட்டும்தான் ஒசத்தி என்கிற கிழட்டுப் பேச்சும் எனக்குப் பிடிக்காது. என் வேனில் காலையில் மின்னல் எஃப்எம் ஓடும், பிள்ளைகள் ராகா வானொலிக்கு மாற்றச் சொல்லி நச்சரிப்பார்கள். ஒரு நாள் ஆட்டோகிராப் படத்தின் ‘ஒவ்வொரு பூக்களுமே’ வந்தது. 2004ஆம் ஆண்டுப் படம், வேனில் இருந்த பிள்ளைகள் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. பாட்டெழுதிய பா.விஜய்க்கும் பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. ‘ஒவ்வொரு பூவுமே’ என்றுதான் இருக்க வேண்டும், இலக்கணப் பிழை என்று தமிழாசிரியர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் அன்று தேர்வில் கோட்டைவிட்டு உம்மென்று வந்து ஏறிய ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன், இரண்டாவது சரணத்தில் மெதுவாகக் கூடப் பாட ஆரம்பித்தான். கண்ணாடியில் பார்த்தேன். இறங்கும்போது “நாளைக்கும் இதப் போடுங்க அங்கிள்” என்றான். வானொலியில் வருவது என் கையிலா இருக்கிறது என்று சொல்லவில்லை, சரி என்றேன்.

இந்த வாரம் கோயிலில் கணக்கு முடிக்கும் கூட்டம். அடுத்த வருஷத்துப் பாட்டு விஷயத்தை மறுபடி பேசச் சொல்லிக் கேட்கப்போகிறேன். உறுமியில் குத்துப்பாட்டு மெட்டு கூடாது என்பதற்கு இப்போதும் கை தூக்குவேன். ஆனால் தடைப் பட்டியலைப் படத்தின் பெயரை வைத்துப் போடாதீர்கள், பாட்டைக் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்று சொல்லுவேன். என் பக்கத்துப் பட்டியலும் சட்டைப்பையில் இருக்கிறது. முதலில் எழுதியிருப்பது ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’. பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன், படம் 1964இல் வந்த அருணகிரிநாதர், பாட்டு திருப்புகழ். அதை எந்தப் பக்கம் வைக்கப்போகிறார்கள் என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்.