சதுரகிரியில் துணை வந்த ஐயாவுக்கு நன்றி

மண்டபம் கடற்கரையில் வளர்ந்த எனக்கும் என் மனைவிக்கும் மலை என்றால் இராமேசுவரத்துக் கந்தமாதன பர்வதம்தான், அதுவும் மணல்மேடு. அந்தத் துணிச்சலில் சென்ற அமாவாசையன்று தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறத் தொடங்கியவர்கள், சங்கிலிப்பாறையைத் தாண்டியதும் மனைவியின் செருப்பு வார் அறுந்து, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, கொண்டுவந்த தண்ணீரும் தீர்ந்து, பாறையிலேயே உட்கார்ந்துவிட்டோம். பின்னால் வந்த நீங்கள், கேட்டும் பெயர் சொல்லாமல், தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்துச் செருப்பைப் பாதத்தோடு இறுக்கிக் கட்டி, மடியிலிருந்து இரண்டு உப்புக்கல்லை எடுத்து நாக்கில் வைக்கச் சொன்னீர்கள். உங்கள் தரிசனத்தையும் விட்டுவிட்டு அடிவாரம் வரை எங்களை இறக்கிக் கொண்டுவந்ததற்கு, ஐயா, மனமார்ந்த நன்றி. அந்தத் துணிக் கிழிசலைத் துவைத்து வைத்திருக்கிறோம். மண்டபம் பக்கம் வந்தால் ஒருவேளைச் சோறு எங்கள் வீட்டில் உண்ண வேண்டும்.