கோவைக்குக் குடிபெயரும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூர் மாற்றல் உறுதியாகிவிட்டது, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தென்காசி வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றாய். எனக்குக் கவலை, பாப்பாவிடம் நீ இன்னும் சொல்லவில்லை என்பதுதான். டி.சி. வாங்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. எதிர்வீட்டுத் தோழியோடு ஆடித் தீர்க்கவும் அழுது தீர்க்கவும் அவளுக்கு நாள் வேண்டும்.

"அங்கே புது ஃபிரண்ட்ஸ் கிடைப்பாங்க" என்று உடனே ஆறுதல் சொல்லிவிடாதே. கிடைப்பார்கள்தான். ஆனால் இந்தத் தோழி போனால் போகட்டும் என்று நீ சொல்வதாகத்தான் பிள்ளை காதில் விழும். "அவளை விட்டுப் போறது கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திரு.

பிசிராந்தையார் கதையை அப்பா நமக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்! பாண்டி நாட்டுப் புலவர், கோப்பெருஞ்சோழனை நேரில் காணாமலே நண்பரானவர். சோழன் உயிர்விடத் துணிந்து, உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து வடக்கிருந்த இடம் தேடி வந்து தாமும் உயிர்விட்டவர். எனக்கு உயிரான கதை அது. ஆனாலும் எட்டு வயதுக்கு அது எட்டாது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் செல்மன், நட்பைப் பற்றிய எண்ணம் வயதோடு எப்படி வளர்கிறது என்று பிள்ளைகளிடமே கேட்டுப் படிப்படியாக வகுத்தவர். மிகச் சிறு வயதில், பக்கத்தில் இருந்து விளையாடுகிறவர்தான் நண்பர். பாப்பாவின் வயதையொட்டி 'நீ எனக்குச் செய்தால் நான் உனக்கு' என்ற கணக்கு வரும். சண்டை வந்தால் நட்பும் முறிந்துவிடும். மனம் விட்டுப் பகிர்வது, சண்டையையும் தாண்டி நிற்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் "நான் போயிட்டா அவ என் ஃபிரண்டா இருப்பாளா?" என்று பாப்பா கேட்டால், அது அவளுக்கு உண்மையாகவே விடை தெரியாத கேள்வி. சிரித்துத் தட்டிவிடாதே.

வீடியோ காலில் இரண்டு பேரும் பேச ஒன்றுமில்லாமல் முழிப்பார்கள். அதற்குள் மறந்துவிட்டாள் என்று முடிவுகட்டிவிடாதே, இந்த வயதில் விளையாட்டில்தான் பேச்சு. இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு தாயக்கட்டம் வரைந்து வையுங்கள். அங்கே அவள் சோழி உருட்ட, இங்கே இவள் அவளுக்காகக் காய் நகர்த்தட்டும். "லீவு விட்டா எப்பவும் வரலாம்" என்று வாக்குக் கொடுக்காதே. காலாண்டு விடுமுறைக்கு வரமுடியுமானால் அதை மட்டும் சொல், சொன்னபடி கூட்டி வா.

எதிர்வீட்டுப் பிள்ளையை யாரும் நினைக்கமாட்டார்கள். பாப்பாவுக்காவது புது ஊரும் புது வீடும் பராக்குக் காட்டும். அந்தப் பிள்ளைக்கு வாசலுக்கு வந்தால் எதிரே பூட்டிய வீடு. அவள் அம்மாவிடம் நீயே போய்ப் பேசு. பாப்பாவிடம் சொல்கிற அன்றே அந்தப் பிள்ளைக்கும் தெரியட்டும்.

கோவையில் பாப்பாவுக்கு ஒரு புதுத் தோழி வாய்ப்பாள். அப்போது பழையவளுக்குத் துரோகம் செய்ததுபோல அவள் மனம் குறுகுறுக்கலாம், வீட்டில் அந்தப் பெயரையே சொல்லாமல் மறைக்கலாம். நீயாகக் கேள், இரண்டு பேரும் உனக்கு வேண்டியவர்கள்தான் என்று சொல்.

சாமான் கட்ட ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்கு முன்னால் பாப்பாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா