பரிசோதனைக் கட்டணம் வாங்கினீர்கள், பரிசோதனை எங்கே?

கிளை முகாமையாளர் அவர்களுக்கு,
நுவரெலியா.

விடயம்: டட்சன் 1200 பிக்கப் வண்டியில் தேவையில்லாத பாகங்களை மாற்றியதும், பெலஸ்ட் ரெசிஸ்டரைக் கழற்றி நேர் வயர் கொடுத்ததும்

ஐயா,

கந்தப்பளையில் இருந்து எழுதுகிறேன். கரட், லீக்ஸ், கோவா ஏற்றி ஓடும் பழைய பெற்றோல் பிக்கப் என்னுடையது. அதை உங்கள் கராஜில் விட்டபோது ஜொப் கார்டில் எழுதிய குறையை அப்படியே திரும்ப எழுதுகிறேன்: “சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் பிடிக்கிறது. சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது.” அதன் கீழே உங்கள் ஆளின் கையெழுத்தும் இருக்கிறது.

இந்த இரண்டு வரியைக் கேட்டு நீங்கள் மாற்றியது என்ன? ஸ்டார்ட்டர் மோட்டார். அப்புறம் பற்றரி. வண்டியை எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலையிலேயே அதே குறை, அதே மாதிரி.

ஸ்டார்ட்டரோ பற்றரியோ மோசம் என்றால் எஞ்சின் மெதுவாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வர வேண்டும். என் வண்டி நன்றாகவே சுற்றியது, பற்றவும் செய்தது. சுற்றும் எஞ்சினுக்குப் புது ஸ்டார்ட்டர் எதற்கு? சந்தேகம் இருந்தால் சுற்றும்போது பற்றரியில் மீட்டரை வைத்துப் பார்த்திருக்கலாம். 9.6 வோல்டுக்குக் கீழே இறங்காமல் நின்றால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான். ஜொப் கார்டில் ஒரு அளவு கூட எழுதப்படவில்லை. ஆனால் பில்லில் “பரிசோதனைக் கட்டணம்” என்று தனி வரி இருக்கிறது. உங்கள் பையன் ஸ்கேனரைக் கொண்டுவந்து அதை எங்கே சொருகுவது என்று தேடினார். தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சின்னத் தொடுமுனையான பொயின்ட்டில் ஓடும், கம்ப்யூட்டர் இல்லாத வண்டிக்கு அதுதான் பரிசோதனை என்றால் கட்டணம் சற்று அதிகம்.

இந்த மாதிரி வண்டியில் தீப்பொறிக்கு உயர் வோல்ட் உண்டாக்குவது கொயில். சாவியிலிருந்து அதற்கு இரண்டு வழியில் மின்சாரம் வருகிறது. ஸ்டார்ட் பண்ணும்போது பற்றரியின் முழு வோல்டும் நேராகக் கொயிலுக்குப் போகும். சாவியை விட்டதும் அந்த வழி அறுந்து, பீங்கான் உறை போட்ட பெலஸ்ட் ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த வோல்ட் போகும். பிடித்த எஞ்சின் சாவியை விட்டதும் நிற்கிறது என்றால் இரண்டாவது வழியில்தான் கோளாறு. ரெசிஸ்டர் அறுந்திருக்கும், அல்லது சாவி சுவிட்ச்சின் உள்ளே அந்தத் தொடுமுனை தேய்ந்திருக்கும். சாவியை ஓன் நிலையில் வைத்து, ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் டெஸ்ட் பல்பைத் தொட்டாலே தெரிந்துவிடும். ஒரு முனையில் எரிந்து மறுமுனையில் எரியாவிட்டால் ரெசிஸ்டர். இரண்டிலும் எரியாவிட்டால் சுவிட்ச் பக்கம்.

கவுண்டரில் கேட்டபோது, “நுவரெலியா பனிக்குப் பழைய வண்டி எல்லாம் இப்படித்தான் அண்ணே” என்று பதில் வந்தது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊரில் பனியைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியில் ஈரம் இறங்கினால் எஞ்சின் பற்றவே மறுக்கும், அல்லது விட்டு விட்டுத் துடிக்கும். துடைத்துக் காயவைத்தால் சரியாகிவிடும். அது சாவியை விடும் நொடியைப் பார்த்து நிற்காது.

இதுவரைக்கும் என்றால் பணம் போனது என்று மனதைத் தேற்றியிருப்பேன். நான் கடிதம் எழுத உட்கார்ந்தது நீங்கள் இரண்டாம் முறை செய்த வேலைக்காக.

அந்த முறை உங்கள் ஆட்கள் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, சாவியிலிருந்து கொயிலுக்கு நேராக ஒரு வயரை இழுத்துவிட்டார்கள். பில்லில் “வயரிங் சரிசெய்தது” என்று மட்டும் இருக்கிறது. வண்டி நிற்காமல் ஓடியது, நானும் நம்பினேன். என் வண்டிக் கொயிலின் உள் எதிர்ப்பு ஏறத்தாழ 1.5 ஓம். ரெசிஸ்டரும் அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் 12 வோல்டில் 4 அம்பியர் ஓடும். ரெசிஸ்டரை எடுத்தால் அது 8 அம்பியர். ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டனேற்றர் 14 வோல்ட் தருவதால் இன்னும் கூடும். அவ்வளவையும் அந்தச் சின்னப் பொயின்ட் தாங்குமா?

தாங்கவில்லை. இறம்பொடை ஏற்றத்தில், முழு லோடு மரக்கறியோடு எஞ்சின் நின்றது. கொயிலில் கை வைக்க முடியாத சூடு. ஆறிய பின் ஸ்டார்ட் ஆகும், சூடேறியதும் மீண்டும் நிற்கும். வளைவில் பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடிக்க, சக்கரத்துக்குக் கல்லைப் போட்டுக்கொண்டு நின்றோம். லீக்ஸ் வாடிப்போனது, வாங்குபவர் விலையைக் குறைத்தார். அந்த நட்டத்தை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசியில் பார்த்தது எங்கள் ஊர் மெக்கானிக் பாஸ். வயது போனவர், கடை என்று பலகை கூட இல்லை. குறையை முழுதாகச் சொல்லவிட்டுக் கேட்டார், பிறகுதான் பொனெட்டைத் திறந்தார். நேர் வயரைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார். பொயின்ட் கருகிக் குழி விழுந்திருந்தது. ரெசிஸ்டரைத் திரும்பப் போட்டு, கொயில், பொயின்ட், கண்டென்சர் மாற்றி, பொயின்ட் இடைவெளியை 0.5 மில்லிமீற்றருக்கு வைத்துக் கொடுத்தார். வண்டி இன்றைக்கும் அப்படியே ஓடுகிறது.

பற்றரிக்காக நான் சண்டைக்கு வரவில்லை, பழையதற்கும் வயதாகியிருந்தது. ஆனால் ஸ்டார்ட்டரின் விலை, அதைப் பூட்டிய கூலி, பரிசோதனைக் கட்டணம், “வயரிங்” தொகை, உங்கள் நேர் வயரால் வீணான கொயில், பொயின்ட், கண்டென்சர் செலவு, இவை எனக்குத் திரும்ப வேண்டும். கழற்றிய பழைய ஸ்டார்ட்டரையும் தாருங்கள். அது என் பொருள். கேட்காமல் நீங்கள் வைத்துக்கொண்டதற்கு இன்னும் காரணம் சொல்லவில்லை.

ஜொப் கார்ட், உங்கள் பில்கள், பாஸ் வாங்கிய பாகங்களின் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். கருகிய பொயின்ட்டும் நீங்கள் போட்ட வயரும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, வந்து பார்க்கலாம். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். “பார்த்துச் சொல்கிறோம்” என்ற போன் கோல் வேண்டாம். பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் பிரதிகளையும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அனுப்பி, அவர்களின் 1977 தொலைபேசி இலக்கத்திலும் முறைப்பாடு பதிவேன்.

இப்படிக்கு,
பிக்கப் உரிமையாளர்,
கந்தப்பளை.