பதினெட்டாம் இதழைத் தேடியவருக்கும் மற்றவர்களுக்கும்

சங்கத்தின் ஆவணக் காப்பாளர்களுக்கு வணக்கம்.

செய்திமடலின் புதிய வடிவத்தைப் பாராட்டிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாராட்டில் பெரும்பகுதி எனக்கு உரியதல்ல. எது யாரிடமிருந்து வந்தது என்று பதிவு செய்வதுதானே நம் தொழில்.

முதல் நன்றி, இரண்டே வரியில் என்னைத் தலைகுனிய வைத்தவருக்கு. “17-க்கு அடுத்து 19 வந்திருக்கிறது. 18 எங்கே?” எங்கும் இல்லை, எண்ணிடும்போது நான் தவறியிருந்தேன். பழைய இதழ்களைப் புரட்டினால் இரண்டில் தேதியே இல்லை. சங்க அலுவலகத்தில் முழுத் தொகுப்பும் இல்லை. அடுத்தவர் காகிதங்களைப் பூச்சி அரிக்காமல் காக்கிறவர்கள் சொந்த மடலைத் தொலைத்திருந்தோம்!

எங்களைக் கரையேற்றியவர் ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர். தன் தொகுப்பு முழுவதையும், துருப்பிடித்த பின்களை நீக்கி, அமிலமற்ற உறைகளில் இட்டு அனுப்பினார். ஒவ்வோர் அட்டையின் மூலையிலும், இதழ் கைக்கு வந்த நாள் பென்சிலில் இருந்தது. தேதியில்லாத இரண்டும் எப்போது வெளிவந்தன என்று அதை வைத்தே கணித்தோம். ஓரங்களில் என் பிழைகளையும் குறித்திருந்தார். அவற்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

பழைய கோப்புகளை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய இளைய நண்பருக்கும் கடன்பட்டிருக்கிறேன். அந்நாளைய எழுத்துருக்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் சேமிக்கும் வரிசையில் அது பின்னால் வர வேண்டும். மாற்றிய மென்பொருள் பல இடங்களில் குழம்பியதால், அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினார். இப்போது கைவசமுள்ள எல்லா இதழ்களும், எழுத்துருவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பிடிஎஃப்/ஏ வடிவில் இருக்கின்றன.

பருவ இதழ்களுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் வாங்கச் சொல்லி நச்சரித்த நூலகருக்கும் நன்றி. எட்டு இடங்கள் கொண்ட அந்த எண்ணின் கடைசியில் ‘எக்ஸ்’ இருப்பது அச்சுப்பிழையா என்று இருவர் கேட்டுவிட்டார்கள். இல்லை. அது சரிபார்ப்புக் குறி, பத்தைக் குறிக்கிறது.

உள்ளடக்கத்தை மாற்றியவர் ஆவணப் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த சகோதரி. அதுவரை மடலில் யார் தலைமை ஏற்றார், யார் நன்றியுரை ஆற்றினார் என்பதுதான் செய்தி. “தவறியதை எழுத இடம் தருவீர்களா?” என்று கேட்டார். பணியில் சேர்ந்த புதிதில் கிழிசலுக்கு ஒட்டிய பசைநாடா மஞ்சளாகி எழுத்தையே கறைப்படுத்தியதைத்தான் முதலில் எழுதினார். அசிடேட் படச்சுருள் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது, அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது அடுத்த கட்டுரை. அந்த இரண்டுக்கும் வந்த கடிதங்கள், முந்தைய இதழ்கள் அனைத்துக்கும் சேர்த்து வந்தவற்றைவிட அதிகம். என் முன்னுரைகளுக்கு இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெய்ப்புப் பார்த்த இருவருக்கும், அச்சுச் செலவைக் கேள்வி கேட்டபடியே கையெழுத்திட்ட பொருளாளருக்கும் நன்றி.

18-ஆம் எண்ணை இப்போது புதிதாக நிரப்பப் போவதில்லை. ‘வெளியிடப்படவில்லை’ என்று அட்டவணையில் அச்சிட்டிருக்கிறோம். 6-ஆம் இதழ் மட்டும் மூத்தவரின் தொகுப்பிலும் இல்லை. யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். பென்சில் குறிப்புகள் இருந்தால் அழிக்க வேண்டாம்.

அன்புடன்,
செய்திமடல் ஆசிரியர்